இரயில் நிலையமும் இயற்றுதற் கருத்தாவும்

"ஆங்கிலேயர் நம் நாட்டிற்கு இரயிலைத் தந்தனர்." இவ்வாக்கியத்தை நம் மாணவர்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றனர். 'நான் மேற்கொண்ட பயணம்' என்று தலைப்புக் கொடுத்தாலும், 'நம் நாட்டின் வளர்ச்சி' என்று கொடுத்தாலும், 'போக்குவரத்து அன்றும் இன்றும்' என்று கொடுத்தாலும் இது எங்கேனும் ஓரிடத்தில் வந்து நிற்கும். திருத்துகின்றவரின் சிவப்பு மை ஒற்றுப் பிழையைச் சுழிக்கிறது. ரகர றகர மயக்கத்தைச் சுழிக்கிறது. இவ்வாக்கியத்தின்மேல் மட்டும் படிவதே இல்லை. பிழையற்ற வாக்கியம் என்று புள்ளியும் பெற்றுவிடுகிறது.

இது பிழையுள்ள வாக்கியம் என்பதே இக்கட்டுரையின் வாதம். அப்பிழையைக் காட்ட அரசியல் மேடை ஏற வேண்டுவதில்லை. வகுப்பறை இலக்கணமே போதும்.

மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது கருத்தா இருவகைப்படும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். தானே செய்பவன் இயற்றுதற் கருத்தா. பிறரைக் கொண்டு செய்விப்பவன் ஏவுதற் கருத்தா. 'தச்சனால் கட்டப்பட்ட கோயில்' என்பது முன்னதற்கும், 'அரசனால் கட்டப்பட்ட கோயில்' என்பது பின்னதற்கும் எடுத்துக்காட்டு. ஒரே கோயில், கருத்தா இருவர். இருவரையும் வேறுபடுத்திச் சொல்லத் தெரிந்த மொழி நம் மொழி. ஆயினும், இரயில் நிலையத்தைப் பற்றிப் பேச வந்ததும் இந்த இலக்கணம் எங்கோ ஒளிந்துகொள்கிறது. ஏவியவனின் பெயரைச் சொல்கிறோம். இயற்றியவனைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அதே வேற்றுமையில் 'கருவி' என்றொரு பொருளும் உண்டன்றோ? மண்வெட்டியால், கடப்பாரையால், இரும்பால் என்பதுபோலக் கூலியாளையும் கருவியாக எண்ணி எழுதப்பட்ட வரலாற்றையே பெரும்பாலும் படித்து வந்திருக்கிறோம். கருத்தாவாக இருந்தவனை மீண்டும் கருத்தாவாக்குவது தமிழாசிரியரின் கடமைகளுள் ஒன்று என்க.

கொடையா, கொள்முதலா?

முதலில் 'தந்தனர்' என்னும் வினையை ஆராய்வோம். தருதல் என்றால் கைப்பொருளை ஈதல். மலாயாவில் இரயில் அவ்வாறு வந்ததா?

இந்நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் திறக்கப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை ஏறத்தாழ 13 கிலோ மீட்டர் தொலைவு. அடுத்த ஆண்டு, 1886இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை ஒரு பாதை ஓடியது. 1891இல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கு மற்றொன்று. நில வரைபடத்தை விரித்து வைத்து இம்மூன்று கோடுகளையும் மாணவரை வரையச் சொல்லுங்கள். மூன்றும் ஈயம் விளைந்த நிலத்தில் தொடங்கிக் கடலில் முடிகின்றன. ஊரையும் ஊரையும் இணைக்கும் எண்ணம் அவற்றில் இல்லை. சுரங்கத்தையும் கப்பலையும் இணைக்கும் எண்ணமே உண்டு. வடக்கும் தெற்கும் இணைந்தது பின்னர்தான். 1901இல் மலாய்க் கூட்டு மாநிலங்களின் இரயில்வே என ஒரே நிருவாகம் அமைந்தது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்பாதை கிட்டியது. 1909இல் ஜொகூர்ப் பாதை முடிந்தது. 1923இல் தரைப்பாலத்தின் மேல் இரயில் சிங்கப்பூருக்குள் நுழைந்தது.

இவற்றிற்குப் பணம் எங்கிருந்து வந்தது? இலண்டன் கருவூலத்திலிருந்து வரவில்லை. கூட்டு மாநிலங்களின் பாதைகள் பெரும்பாலும் அம்மாநிலங்களின் சொந்த வருவாயைக் கொண்டே போடப்பட்டன; அவ்வருவாயின் தலையூற்று ஈயத்தின் ஏற்றுமதித் தீர்வை. மண்ணைத் தோண்டியவன் உழைப்பு ஈயமாயிற்று, ஈயம் தீர்வையாயிற்று, தீர்வை தண்டவாளமாயிற்று, அத்தண்டவாளம் மீண்டும் ஈயத்தைச் சுமந்து கப்பலுக்குச் சென்றது. இந்தச் சுழற்சியில் 'தந்தனர்' என்ற வினைக்கு இடம் எங்கே? நம் பணத்தில் நமக்கு வாங்கியதைக் கொடை என்று சொல்வது கணக்கறியாதவன் பேச்சு.

திட்டமிட்டவர் ஆங்கிலேயர், பொறியியல் அறிவு அவர்களுடையது, ஒழுங்கும் காலந்தவறாமையும் அவர்கள் புகுத்தியவை. இதை மறுப்பார் இலர். ஏவுதற் கருத்தாவுக்கு உரிய மதிப்பை முழுமையாகக் கொடுப்போம். அதற்கு மேலே ஒரு புள்ளியும் கொடுக்க வேண்டா.

இயற்றியவர் எவர்?

தைப்பிங் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படைப்பிரிவினர் வரவழைக்கப்பட்டனர். அதன்பின் பாதை நீள நீளச் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் அதில் இறங்கினர். காட்டை வெட்டித் திறப்பது, சதுப்பில் மண் கொட்டி மேடாக்குவது, ஜல்லி உடைத்துப் பரப்புவது, வன்மரக் கட்டைகளைச் சுமந்து வந்து இடுவது, அவற்றின்மேல் தண்டவாளத்தை ஒரு மீட்டர் அகலத்திற்குப் பிசகாமல் பொருத்துவது என வேலை அடுக்கடுக்காக இருந்தது. கொசு பெருகிய சதுப்பு நிலத்தில் மலேரியாக் காய்ச்சல் அவர்களை உண்டது. நம் தோட்டப்புறத்துப் பாட்டிமார் இருப்புப்பாதையைக் 'கம்பிச் சடக்கு' என்பர். சடக்கு என்றால் சாலை. கம்பி போட்ட சாலை கம்பிச் சடக்கு. கையால் தொட்டவன் வைத்த பெயர் அது. அகராதி பார்த்து ஆக்கிய பெயர் இத்துணைத் தெளிவாக அமையாது.

பாதை போட்டு முடிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. மழை நாட்டில் இருப்புப்பாதையை நாள்தோறும் காத்தாக வேண்டும். மண் சரியும், ஜல்லி இறங்கும், கட்டை உளுக்கும், ஆணி தளரும். சில மைல்களுக்கு ஒரு கூட்டமாகப் பாதையோரத்திலேயே குடியிருந்து, சுத்தியலும் கையுமாக நடந்து நடந்து, ஒலியைக் கேட்டே தளர்ச்சியை அறிந்தவர்கள் பாதைக் காவலர்கள். அவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்களுடைய கால் தேய்ந்ததால் பயணியின் உயிர் தேயாமல் இருந்தது.

நிலையத்தின் உள்ளே இன்னொரு தமிழர் கூட்டம். ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத் தமிழர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் சீட்டு வழங்குபவர்களாகவும் அமர்ந்தனர். ஒற்றைப் பாதையில் எதிரெதிராக இரு வண்டிகள் வந்துவிடாதபடி, அனுமதி வில்லையை வளையத்தில் கோத்து ஓட்டுநர் கையில் கொடுத்தால்தான் வண்டி நகரும். கைகாட்டி மரம் இறங்கினால்தான் உள்ளே வரும். அந்தக் கண்டிப்பைக் காத்தவர் நிலைய அதிபர்.

இங்கே நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிட வேண்டும். நம்மவர் எழுதும் வாழ்க்கைக் குறிப்புகளில் வெள்ளைச் சீருடை அணிந்த நிலைய அதிபர் வருகிறார். பாதையோரத்துக் காவலன் வருவதில்லை. எழுத்தறிந்தவன் பேரன் எழுதுகிறான். எழுத்தறியாதவன் பேரனுக்குத் தாத்தாவின் வேலை நாணத்தைத் தருகிறது. 'கூலி' என்ற சொல்லைக் கேட்டதும் தலை குனிகிறவர் நம்மில் உளர். கைநீட்டிப் பெற்றவன் குனியலாம். உழைத்துப் பெற்றவன் ஏன் குனிய வேண்டும்? ஆங்கிலேயன் மறைத்தது பாதி. நம் சாதிப் பெருமையும் பதவிப் பெருமையும் மறைத்தது மீதி.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 'இரயிலை நாமே கட்டினோம்' என்று மார்தட்டுவதும் பொய்யே. காடு திறந்ததில் மலாய்க்காரர் கைகள் உண்டு. கட்டடத் தொழிலில் சீனக் கொத்தரும் தச்சரும் வல்லவர்களாயிருந்தனர். இயற்றுதற் கருத்தா பன்மையில் நிற்க வேண்டிய எழுவாய். அப்பன்மையில் தமிழனும் ஒருவன். சிறிய ஒருவன் அல்லன். நாம் கேட்பது அவ்வளவே.

கல்லில் எழுதியதும் எழுதாததும்

இனி நிலையங்களைப் பார்ப்போம். கோலாலம்பூரின் பழைய நிலையம் 1910இல் எழுந்தது. வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். வெண்ணிறச் சுவர், குதிரை இலாட வடிவ வளைவுகள், மூலைதோறும் குடைபோல் கவிந்த மாடங்கள், தூபி போன்ற கோபுரங்கள் என அது வட இந்திய மொகலாயக் கலையை நினைவூட்டும். எதிரே உள்ள இரயில்வே தலைமையகமும், ஈப்போ நிலையமும் 1917இல் நிறைவுற்றவை. அவையும் ஹப்பக்கின் கைவண்ணமே. அழகிய கட்டடங்கள் என்பதில் ஐயமில்லை. மாணவரை அழைத்துச் சென்று காட்டத் தக்கவை.

ஆனால் காட்டும்போது கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. இக்கட்டடம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? மலாய் நாட்டுத் தச்சனின் மரக்கலை இதில் இல்லை; தண்டவாளத்தைச் சுமந்த தென்னாட்டானின் மண்டபக் கலையும் இல்லை. இந்தியாவில் பேரரசு நடத்திய பாணியை இங்கே கொண்டுவந்து நிறுத்தி, இசுலாமிய நாட்டிற்கு இது பொருந்தும் என்று ஆள்வோர் முடிவு செய்தனர். நிலைய முகப்பு ஆட்சியின் முகப்பு. அதன் பின்னே, மேடையின் இரும்புக் கூரைக்கு அடியில், உண்மையான இரயில் ஓடியது. முகப்பைப் பற்றி நூல்கள் பல. மேடைக்கு அப்பால் உள்ளவற்றைப் பற்றி எழுதப்பட்டது சிறிது.

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையம் 1932இல் திறக்கப்பட்டது. அதன் பாணி வேறு. முகப்பில் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் நான்கு பளிங்கு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே உயர்ந்த கூடத்தின் சுவர்களில் நெல் விளைவித்தல், இரப்பர் பால் எடுத்தல், ஈயம் எடுத்தல், மாட்டு வண்டி ஓட்டுதல் முதலிய காட்சிகள் பெரும் ஓவியங்களாகத் திகழ்கின்றன. பால்மரம் சீவுபவன் படத்தைப் பார்க்கும் தமிழ் மாணவன் தன் பாட்டனை நினைக்கக் கூடும். அந்த வகையில் கோலாலம்பூரை விட இந்நிலையம் நேர்மையானது. இந்நாடுகளின் செல்வம் உழைப்பிலிருந்து வந்தது என்பதைச் சுவரிலேனும் ஒப்புக்கொள்கிறது. ஆயினும் அங்கும் உழைப்பு ஓவியமாயிற்று; உழைத்தவன் பெயராகவில்லை.

பெயர் என்பது சிறிய செய்தி அன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோ மீட்டர் மரண இரயில்பாதையைப் போட்டபோது, மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சென்றனர்; தோட்டங்களிலிருந்து தமிழரையும் பல்லாயிரவராகப் பெயர்த்தெடுத்துச் சென்றனர். இன்று காஞ்சனபுரியின் போர்க் கல்லறைக்குச் சென்றால் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறித்த கற்கள் நிற்கின்றன. அதே பாதையில் மாண்ட நம்மவர்க்கு அத்தகைய பெயர்வரிசை இல்லை. பட்டியல் வைத்திருந்த படைக்குப் பெயர் மிஞ்சியது. பட்டியல் இல்லாத கூட்டத்திற்கு எண்ணிக்கைகூட உறுதியாக மிஞ்சவில்லை. எழுதப்படாதவன் இருமுறை சாகிறான்.

முகப்பு மட்டும் மரபா?

2001ஆம் ஆண்டு கோலாலம்பூரின் தொலைதூர இரயில்கள் பழைய நிலையத்தை விட்டு கே.எல். சென்ட்ரலுக்கு மாறின. பழைய நிலையத்தில் நகர்ப்புற கொமூட்டர் வண்டிகள் நிற்கின்றன. தஞ்சோங் பகார் நிலையம் 2011 ஏப்ரலில் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூன் 30ஆம் நாள் கடைசி வண்டி புறப்பட்டுச் சென்றது. மலேசியாவில் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் வந்தது. கட்டடங்களைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் இரு நாடுகளிலும் வேரூன்றியிருப்பது மகிழத்தக்கது.

ஆனால் காக்கப்படுவது எது? நிலையம் என்பது முகப்பும் கூடமும் மட்டும் அன்று. கைகாட்டி அறையும், சரக்குக் கொட்டகையும், பட்டறையும், ஊழியர் குடியிருப்பும், பெயர்ப்பலகையும் சேர்ந்ததே நிலையம். உடலை விட்டு முகத்தை மட்டும் காப்பது முகமூடியைக் காப்பதாகும்.

பிரிக்பீல்ட்சை எண்ணிப் பாருங்கள். செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற அந்தப் பேட்டை, இரயில்வே பண்டகசாலையும் குடியிருப்புகளும் வந்தபின் தமிழர் பேட்டையாயிற்று. கோயில்களும் பள்ளிகளும் வாசகசாலைகளும் இரயில்வே சம்பளத்தில் பிடித்த சந்தாவால் வளர்ந்தன. கே.எல். சென்ட்ரல் எழுந்த நிலமே பழைய இரயில்வே வளாகம்தான். 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' எனப்பட்ட நூற்றாண்டுப் பழைமையுள்ள குடியிருப்பு வரிசைகள் அண்மைக் காலத்தில் இடிபட்டன. அதே பேட்டைக்கு 2010 அக்டோபரில் 'லிட்டில் இந்தியா' எனப் பெயர் சூட்டு விழா நடந்தது. இரு நாட்டுப் பிரதமர்களும் வந்தனர். யானைகள் சூழ்ந்த நீரூற்று அமைந்தது. 2015இல் சாஞ்சித் தோரணவாயிலின் வடிவில் ஒரு வளைவும் திறக்கப்பட்டது. யானையும் தோரணமும் அழகே. ஆனால் பிரிக்பீல்ட்சுத் தமிழன் சாஞ்சியிலிருந்து யானைமேல் வந்தவன் அல்லன். கப்பலில் வந்து இரயிலில் உழைத்தவன். அவன் வாழ்ந்த வீட்டை இடித்துவிட்டு அவன் காணாத வளைவை எழுப்பினால், அதற்கு மரபு என்று பெயரிடலாமா?

செந்தூலைப் பாருங்கள். இரயில்வேயின் மத்தியப் பட்டறை அங்கே பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசும் அளவிற்கு அது நாட்டின் நாடிநரம்பாக இருந்தது. பட்டறை வளாகத்தின் ஒரு பகுதியில் 2005 முதல் நாடக அரங்கு இயங்குகிறது. இடித்துத் தள்ளாமல் அரங்காக்கியது நன்றே. அவ்வரங்கில் கொல்லனின் கதையும் கொதிகலன் பொறியாளின் கதையும் நம் மொழியில் நடிக்கப்பட வேண்டும் என்று கேட்க நமக்கு வாயில்லையா?

பெயர்ப்பலகைக்கு வருவோம். முதல் பாதையின் முடிவிடமான போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பேத்தாங் எனப்படுகிறது. அங்கே இரயில் இல்லை, தண்டவாளம் இல்லை. எஞ்சியிருப்பவற்றுள் முதன்மையானது பழைய பெயர்ப்பலகை. அதில் ஊர்ப்பெயர் உரோமன், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் எழுதப்பட்டுள்ளது. தமிழை அங்கே எழுதியது நம்மேல் கொண்ட இரக்கத்தால் அன்று. வண்டியில் ஏறியவரும் வண்டியை ஓடவைத்தவரும் தமிழராக இருந்தமையால்! நூறு மேடைப்பேச்சுகளை விட அந்த ஒரு பலகை வலிய சான்று. தமிழ் கற்கும் ஒவ்வொரு மாணவனும் ஒருமுறையேனும் அதன் முன் நின்று படிக்க வேண்டும்.

வளர்ச்சியின் பெயரால்

"பழையதைக் கட்டிக்கொண்டு அழுதால் நாடு முன்னேறுமா?" என்று கேட்பவர் உளர். நன்று; விடை சொல்வோம்.

ஒற்றைப் பாதையை இரட்டையாக்கியதும் மின்மயமாக்கியதும் வேண்டிய பணிகளே. 2010இல் கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் இடையே தொடங்கிய மின்தொடர் வண்டி 2015இல் பாடாங் பெசாரை எட்டியது. முதியவரும் மாணவரும் அதனால் பெற்ற நன்மை பெரிது. மேடையை உயர்த்தாமல், பாதையை நேராக்காமல், மின்கம்பம் நடாமல் அது நடவாது. பல சிறு நிலையங்கள் அகன்றதற்குக் காரணம் உண்டு என்பதை ஏற்கிறோம். மரப்பலகை நிலையம் ஒவ்வொன்றையும் அருங்காட்சியகமாக்குக என்று யாரும் கேட்கவில்லை.

எனினும் புதியதையும் குறை காணும் உரிமை நமக்குண்டு. பழைய நிலையத்திற்கு ஒரு முகமிருந்தது. தெருவில் நிற்பவன் இது நிலையம் என்று அறிந்தான். கே.எல். சென்ட்ரலில் பயணி கடைகளுக்கு இடையே வழி தேடுகிறான். 2003இல் ஓடத் தொடங்கிய மோனோரயிலின் பிரிக்பீல்ட்சு நிலையத்திலிருந்து, 2014இல் பேரங்காடி திறக்கும் வரை, மூட்டையும் முடிச்சுமாகத் தெருவில் நடந்தே பெரிய நிலையத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது. கடை வந்த பிறகுதான் வழி வந்தது. பழைய நிலையம் ஆட்சியின் முகப்பு என்றால், புதியது வணிகத்தின் முகப்பு. இரண்டிலும் உழைப்பின் முகம் இல்லை. ஆகவே நாம் கேட்பது பழைமைக்கும் புதுமைக்கும் இடையிலான வழக்கு அன்று. எந்த நிலையமாயினும் அதை இயற்றியவர் யார் என்று அந்நிலையமே சொல்ல வேண்டும் என்பதே வழக்கு.

"இஃது இன உணர்வைத் தூண்டும் பேச்சு" என்பார் வேறு சிலர். நான்கு எழுத்துகளில் ஊர்ப்பெயர் எழுதிய பலகை இன உணர்வைத் தூண்டிற்றா? தன் பங்கை அறிந்தவனே பிறர் பங்கையும் மதிப்பான். தன் பாட்டன் உழைப்பு இந்நாட்டு மண்ணில் கிடக்கிறது என்று தெரிந்த பிள்ளை, தன்னை விருந்தாளியாக ஒருநாளும் எண்ணமாட்டான். நாட்டை நேசிக்க அவனுக்கு வேறு பாடம் வேண்டா.

"கேட்டால் கிடைக்கவா போகிறது?" என்பார் மூன்றாமவர். இவர்கள்தாம் மிகப் பலர். அவர்களுக்குப் பிரிக்பீல்ட்சிலேயே விடை உண்டு. 1904இல் கட்டப்பட்ட விவேகானந்தா ஆசிரமத்தின் நிலத்தில் அடுக்குமாடி எழுப்பும் திட்டம் 2014இல் வெளியானது. மக்கள் எதிர்த்தனர், எழுதினர், கூடினர். 2016இல் அது தேசிய மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது. சிங்கப்பூரில் புக்கிட் தீமா நிலையத்தைப் புதுப்பித்து 2022இல் திறந்தபோது, அருகிலிருந்த ஊழியர் குடியிருப்பையும் இடிக்காமல் சேர்த்தே காத்தனர். கேட்டவருக்குக் கிடைத்திருக்கிறது, எண்ணியவர்க்கு இயன்றிருக்கிறது. வாளாவிருந்த இடத்தில் வீடுகள் மண்ணாயின.

ஆசிரியர்க்கு நான்கு பணிகள்

முறையீடு எழுதிவிட்டு அமர்ந்துவிடுவது நம் எழுத்தாளரிடம் உள்ள பழைய நோய். ஆதலின் செய்யத்தக்கன நான்கைச் சொல்கிறேன். இவற்றிற்கு அரசு மானியம் வேண்டுவதில்லை. மனம் ஒன்றே வேண்டும்.

முதலாவது, திருத்துதல். 'ஆங்கிலேயர் இரயிலைத் தந்தனர்' என்று மாணவன் எழுதினால் அதைச் சுழியுங்கள். பணம் யாருடையது, கை யாருடையது, பயன் யாருக்கு என்று மூன்று வினாக்களை ஓரத்தில் எழுதுங்கள். கருத்தா வேற்றுமையைக் கற்பிக்கும் நாளில் கோயிலோடு நிலையத்தையும் எடுத்துக்காட்டாக்குங்கள்.

இரண்டாவது, காட்டுதல். கல்விச் சுற்றுலா என்றதும் கேளிக்கைப் பூங்காவுக்குப் பேருந்து பிடிக்கிறோம். ஒருமுறை பழைய நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள்; பிறகு மேடையின் ஓரத்தில் நிறுத்தி, ஒரு மீட்டர் அகலத்தில் ஓடும் அந்த இரண்டு கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். எது முதலில் வந்தது, எது இல்லாமல் எது நிற்காது என்று கேளுங்கள். விடையை அவர்களே சொல்வர்.

மூன்றாவது, தொகுத்தல். இதுவே விரைந்து செய்ய வேண்டியது. நீராவி வண்டியை ஓட்டியவர், கைகாட்டி இழுத்தவர், பாதை காத்தவர் ஆகிய முதியவர்களுள் எஞ்சியோர் சிலரே. அவர்கள் நாவில் ஒரு தமிழ் இருக்கிறது. கம்பிச் சடக்கு, கைகாட்டி, சிலிப்பர் கட்டை என ஆங்கிலத்தையும் தமிழையும் மலாயையும் பிசைந்து தொழிலாளி ஆக்கிக்கொண்ட தமிழ் அது. கலைச்சொல் குழுக்கள் செய்யாததை அவர்கள் கடப்பாரையோடு செய்தனர். மாணவரை அவர்களிடம் அனுப்புங்கள். கேட்டதைத் தேதியோடும் ஊர்ப்பெயரோடும் எழுதி வாங்குங்கள். பள்ளி ஆண்டு மலரில் வாழ்த்துச் செய்திகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை இதற்குத் தாருங்கள். மரபுடைமைச் சட்டம் தொட்டறியத்தக்க மரபோடு தொட்டறிய இயலாத மரபையும் ஏற்கிறது. கட்டடம் முன்னது, இச்சொற்களும் நினைவுகளும் பின்னது. முன்னதைக் காக்கப் பொறியாளர் உளர். பின்னதைக் காக்க நம்மைத் தவிர வேறு எவர் உளர்?

நான்காவது, கேட்டல். பழைய நிலையங்கள் ஒவ்வொன்றிலும், பாதையை இயற்றிய எல்லா இனத்துத் தொழிலாளரையும் குறிக்கும் பலகை ஒன்று, போர்ட் வெல்ட் பலகை போல நான்கு எழுத்துகளிலும் அமைய வேண்டும் என எழுத்தாளர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் ஒருமித்துக் கேட்க வேண்டும். வரைந்தவர் பெயரை நீக்கச் சொல்லவில்லை; அதனருகே இன்னும் இரண்டு வரிக்கு இடம் கேட்கிறோம். அத்துணைப் பெரிய சுவரில் இரண்டு வரிக்கு இடமில்லாமற் போகாது.

அவ்விரண்டு வரி சுவரில் ஏறும் நாள் வரும்போது வரட்டும். அதுவரை அது மாணவர் கட்டுரைகளில் ஏறட்டும். நாளைய வகுப்பில் கரும்பலகையில் எழுதிப்போடத் தக்கதாய் அவ்வாக்கியத்தைத் திருத்தியே தருகிறேன்:

"மலாயாவின் இருப்புப்பாதைகளும் நிலையங்களும் இந்நாட்டு வருவாயைக் கொண்டு, ஆங்கிலேயர் ஏவ, தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் பிறரும் இயற்றியவை."

எழுவாய் நீண்டுவிட்டதே என்று மாணவன் முணுமுணுப்பான். நீளட்டும். நூறாண்டுக்கு மேலாக வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வரும்போது வாக்கியம் சற்று நீளத்தான் வேண்டும்.